தண்ணீருக்கு வழி விடுங்கள்

சாலை என்றாலே நமக்கு முன்னேற்றம் என்று பொருள். ஓர் ஊருக்குச் சாலை வந்துவிட்டால் பள்ளி வரும், மருத்துவமனை வரும், பேருந்து வரும் என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. சாலையின்றி, மகப்பேற்று வலியில் துடிக்கும் பெண்ணைத் தூளியில் சுமந்து மலையிறங்கும் மக்கள் இன்றும் இருக்கையில், சாலையே வேண்டாமென்று எவரும் சொல்ல இயலாது. ஆனால், எல்லா நிலமும் சாலையைத் தாங்கும் நிலமல்ல. தாங்காத நிலத்தின்மேல் சாலையைப் போட்டுவிட்டு, பயன் முடிந்ததும் அதனை அப்படியே விட்டுச் செல்வதும், கேட்டால் இரண்டு பிடி புல்விதையைத் தூவிவிட்டு 'நிலத்தைச் சீரமைத்துவிட்டோம்' என்று சான்றிதழ் பெறுவதும் இன்று உலகின் வளமான நாடுகளிலேயே வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நான் கூறும் நிலம் பீட் நிலம். குளிர்ந்த, நீர் தேங்கிய இடங்களில் செடிகொடிகள் மடிந்தபின் முழுவதும் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் கரிய சேற்று நிலத்துக்கே இப்பெயர். நீர் நிறைந்திருப்பதால் காற்று உட்புகுவதில்லை. காற்று புகாததால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்கின்றன. எனவே, செடி தன் வாழ்நாளில் காற்றிலிருந்து உறிஞ்சிய கரி வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. இந்த நிலம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. ஆக, ஒரு மீட்டர் ஆழமுள்ள பீட் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. நம் நீலகிரி மேட்டுநிலத்தின் பள்ளத்தாக்குகளிலும் சிறு சிறு பரப்புகளாகப் பீட் உண்டு. அங்குள்ள சேற்றடுக்குகளை ஆராய்ந்தே, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவில் மழை எவ்வாறு கூடியும் குறைந்தும் வந்தது என்பதை அறிவியலாளர் 1993 இல் வெளிப்படுத்தினர். மலை தன் வரலாற்றை எழுதி வைத்திருக்கும் ஏடு அது.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. ஆயினும், உலகின் காட்டு மரங்கள் அனைத்தும் தம் உடலில் தேக்கி வைத்திருப்பதைவிட மிகுதியான கரியை இச்சிறு பரப்பு தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. காடழிப்பைக் குறித்துக் கண்ணீர் விடும் உலகம் இச்சேற்று நிலத்தைக் குறித்து வாய் திறப்பதில்லை. காடு கண்ணுக்கு அழகு. சேறு அப்படியன்று. அழகில்லாத ஏழைக்குப் பரிந்து பேச ஆள் கிடைப்பது அரிது என்பது மனிதர்க்கு மட்டுமன்று, நிலத்துக்கும் பொருந்தும் போலும்.

இந்த நிலத்தின்மேல் சாலை என்ன செய்கிறது?

பீட் நிலத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அத்தண்ணீர் ஓடையைப் போல ஓரிடத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பை ஒட்டிய பாசிப் படலத்தின் ஊடாக, நிலம் முழுவதும் பரவி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடையில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கசிந்து செல்கிறது. இத்தகைய நிலத்தில் சாலையமைக்கப் பொறியாளர் இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். பீட் ஆழம் குறைவாயின் அதனைத் தோண்டி அகற்றி, கீழுள்ள கெட்டி மண்ணின்மேல் கல்லைக் கொட்டுவர். ஆழம் மிகுதியாயின் மரக்கட்டைகளையோ செயற்கை இழைத் துணியையோ விரித்து, அதன்மேல் மண்ணும் கல்லும் பரப்பி, 'மிதக்கும் சாலை' அமைப்பர். பெயர்தான் மிதக்கும் சாலை. நாளடைவில் அது அமிழ்ந்துகொண்டே போகிறது. அதன் பளு அடியிலுள்ள பீட்டை நசுக்குகிறது. நசுங்கிய பீட்டினூடே நீர் எளிதில் கசியாது. ஆக, சாலையானது தானே ஓர் அணையாகிவிடுகிறது.

அணைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மேட்டுப் பக்கத்தில் நீர் தேங்கி, வேர்கள் மூச்சுத் திணறி, மரங்கள் நின்றபடியே மடிகின்றன. அத்தேக்கத்திலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. பள்ளத்துப் பக்கத்தில் நீர் வராமல் பீட் உலர்கிறது. உலர்ந்த பீட்டில் காற்று புகுகிறது. ஆயிரம் ஆண்டுகளாய் உறங்கிய கரி கரியமில வாயுவாகி வானேறுகிறது. சாலையோரம் வெட்டப்படும் வடிகால்கள் இந்த உலர்த்தலை இன்னும் தொலைவுக்குக் கொண்டு செல்கின்றன. சாலைக்குக் கொட்டிய கல்லிலும் களிமண்ணிலும் உள்ள தாது உப்புகள் கரைந்து, புளிப்புத் தன்மையும் வறிய ஊட்டமும் கொண்ட அந்த நிலத்தின் இயல்பையே மாற்றுகின்றன. பாசி மறைந்து, அங்கே உரிமையில்லாத களைகள் குடியேறுகின்றன.

'சாலையின் அகலம் ஐந்தாறு மீட்டர்தானே. பரந்த சதுப்பில் அது ஒரு கோடுதானே?' என்று கேட்பவர்களுக்கு இதுவே மறுமொழி. கழுத்தில் இறுக்கிய கயிறும் ஒரு கோடுதான். அகலத்தை அளந்து தீங்கை மதிப்பிடுவோர் கயிற்றின் பருமனை அளந்து ஆபத்தை மதிப்பிடுபவரே ஆவர்.

அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தீய நோக்கத்துக்காக அன்றி, நல்ல நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட பணி அது என்பதே அதற்குக் காரணம்.

அந்நாட்டின் மேற்கே கால்வே மாவட்டத்தில் டெரிபிரையன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே பீட் போர்த்திய மலையொன்றில் 70 காற்றாலைகள் நிறுவத் திட்டமிடப்பட்டது. பெரும்பங்கு அரசுக்கு உரிய மின்வாரியத்தின் துணை நிறுவனமே அதனை மேற்கொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசை வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துப் பழகிய நமக்குக் காற்றாலை பகையன்று. நிலக்கரியை எரிப்பதைவிடக் காற்றைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால், காற்றாலையைத் தனியே தூக்கிக்கொண்டுபோய் மலையுச்சியில் நட்டுவிட முடியாது. அதன் நீண்ட இறகுகளையும் கோபுரத்தையும் பாரந்தூக்கியையும் ஏற்றிச் செல்லச் சாலை வேண்டும். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு கிளைச்சாலை வேண்டும். அவ்வாறே டெரிபிரையன் மலையிலும் மரங்கள் வெட்டப்பட்டன. பீட் தோண்டப்பட்டது. சாலைகள் போடப்பட்டன.

2003 அக்டோபர் 16 அன்று, பணிகள் நடந்துகொண்டிருக்கையிலேயே மலை சரிந்தது. ஏறத்தாழ 4,50,000 கனமீட்டர் பீட் நழுவிச் சரிவில் இறங்கியது. அம்மாத இறுதியில் பெய்த மழையில் அச்சேறு மீண்டும் நகர்ந்து ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ 50,000 மீன்கள் மடிந்தன. மீன்கள் முட்டையிடும் படுகைகள் நெடுங்காலத்துக்குப் பாழாயின. அந்த ஆறு சென்று சேரும் கட்ரா ஏரிதான் அருகிலுள்ள கோர்ட் நகரத்துக்குக் குடிநீர் தருவது.

அதன்பின் நடந்தது அதனினும் வருந்தத்தக்கது. முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு இன்றி அனுமதி தந்ததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2008 ஜூலை 3 அன்று அயர்லாந்து அரசைக் குற்றங்கண்டது. தீர்ப்பு வந்தபின்னும் ஆண்டுகள் உருண்டன. காற்றாலைகள் சுழன்றன, மின்சாரம் விற்பனையாயிற்று, மதிப்பீடு மட்டும் நடைபெறவில்லை. 2019 நவம்பர் 12 அன்று அதே நீதிமன்றம் 50 லட்சம் யூரோ அபராதமும், தீர்ப்பை நிறைவேற்றும்வரை நாளொன்றுக்கு 15,000 யூரோவும் விதித்தது. அயர்லாந்து மக்களின் வரிப்பணத்திலிருந்து மொத்தம் 1.7 கோடி யூரோவுக்கும் மேல் செலுத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில், காலங்கடந்து கோரிய அனுமதியை அந்நாட்டுத் திட்டமிடல் வாரியம் மறுத்தது. அடுத்த மாதமே காற்றாலைகளை மூடிக் கழற்றிவிடுவதென நிறுவனம் முடிவு செய்தது.

இங்கே நாம் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அபராதம் கட்டியாயிற்று. மலைக்கு என்ன கிடைத்தது?

அத்தொகை ஐரோப்பிய ஒன்றியத்தின் கருவூலத்துக்குச் சென்றது. மலைக்குச் செல்லவில்லை, ஆற்றுக்குச் செல்லவில்லை. அபராதம் வேறு, ஈடுசெய்தல் வேறு. பிறன் வீட்டுப் பசுவைக் கவர்ந்தவன் மன்றத்தில் தண்டம் செலுத்திவிட்டுப் பசுவைத் தன் தொழுவத்திலேயே வைத்துக்கொண்டால், அதனை நீதி என்று எந்த ஊர்ப் பெரியவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எடுத்ததைத் திருப்பித் தருவதே முதற்கடமை. தண்டம் அதற்குப் பின் வருவது. பீட் நிலத்திலிருந்து சாலை எடுத்தது எதை? தண்ணீரை. ஆகவே, திருப்பித் தர வேண்டியதும் தண்ணீரையே. இதனை விடுத்து வேறு எதைச் செய்தாலும், அது சீரமைப்பு என்னும் பெயருக்குத் தகுதியுடையதன்று.

இதனை ஏற்காதவர்கள் பல வாதங்களை முன்வைக்கின்றனர். அவற்றுள் முதன்மையான மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

'நோக்கம் நல்லது, ஆகவே சிறு தீங்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்பது முதல் வாதம். காற்றாலையின் நோக்கம் என்ன? காற்றில் கரி சேராமல் தடுப்பது. கரியைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகத்தை உடைத்துக்கொண்டு அந்த நோக்கத்தை நிறைவேற்றுவது எங்ஙனம்? இதனைச் சொல்வோர் காற்றாலைக்கு எதிரிகள் அல்லர். ஸ்காட்லாந்தில், பீட் நிலத்துக் காற்றாலைகளால் மிச்சமாகும் கரி எவ்வளவு, இழக்கப்படும் கரி எவ்வளவு என்று கணக்கிடும் முறையை அபர்டீன் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் 2008 இல் உருவாக்கினர். அவர்களே 2012 இல், பீட் நிலங்களில் காற்றாலை அமைப்பதைத் தவிர்க்க வேண்டுமென 'நேச்சர்' இதழில் எழுதினர். கணக்குப் போட்டவர்களே இவ்வாறு கூறுகையில், கணக்கே போடாதவர்கள் நோக்கத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வது முறையன்று. நல்ல நோக்கம் வழிமுறைக்கு விலக்களிக்காது. மாறாக, வழிமுறையில் இன்னும் கூடிய கவனத்தையே கோருகிறது.

'சாலைக்கு அடியில் குழாய்ப் பாலங்கள் வைத்துவிட்டால் போதும். நீர் கடந்துவிடும்' என்பது இரண்டாம் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். குழாய்கள் ஓரளவு உதவும் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், பரந்து கசியும் நீரை நூறு மீட்டருக்கு ஒரு குழாய் எப்படிப் பழைய நடையில் கொண்டு செல்லும்? குழாயின் வாயில் நீர் ஓடையாகத் திரண்டு பாய்கிறது. ஓரிடம் அரிக்கப்படுகிறது, மற்ற இடங்கள் வறள்கின்றன. சாலை அமிழ்கையில் குழாயும் அமிழ்கிறது அல்லது வளைந்து அடைபடுகிறது. கனடாவிலோ, பீவர் என்னும் நீர்வாழ் விலங்கு குச்சிகளைக் கொண்டுவந்து குழாயின் வாயை அடைத்து அணை கட்டிவிடுகிறது. குழாயை வைத்துவிட்டு ஆண்டுதோறும் பார்க்காமல் விடுவது, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை மறந்துவிடுவதற்கு ஒப்பானது.

'இயற்கையிடம் விட்டுவிடுங்கள், அது தானே ஆற்றிக்கொள்ளும்' என்பது மூன்றாம் வாதம். பக்தியுள்ள சொற்களைப் போல் ஒலிப்பதால் இதுவே மிகவும் ஆபத்தானது. கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் வளம் தேடிக் காடுகளினூடே நேர்கோடுகளாகப் பாதைகள் வெட்டப்பட்டன. 35 ஆண்டுகள் கழிந்தபின்னும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் மரங்கள் மீளவில்லை என்று 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈரநிலங்களினூடே சென்ற பாதைகளே மிகவும் பின்தங்கியிருந்தன. வண்டிகள் நசுக்கிய பீட் தாழ்ந்து நீர் நின்றதால் விதை முளைக்கவில்லை. அப்பாதைகள் வழியே ஓநாய்கள் எளிதாக ஓடி, முன்பு அவை நெருங்க முடியாத சதுப்புகளில் ஒதுங்கி வாழ்ந்த காரிபூ மான்களை வேட்டையாடுகின்றன. எண்ணெய் தேடியவர் போய்விட்டார், அவர் திறந்துவிட்ட கதவு இன்னும் மூடப்படவில்லை. எலும்பு முறிந்தவனைக் கட்டுப் போடாமல் விட்டால் அவனுடைய எலும்பும் தானே கூடும். ஆனால் கோணலாகக் கூடும். இயற்கை ஆற்றிக்கொள்ளும் என்போர் முதலில் முறிவைச் சரி செய்துவிட்டுப் பேசட்டும்.

அப்படியாயின், உண்மையான சீரமைப்பு என்பது யாது? அது நடவாத காரியமன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தோட்டங்களுக்கு உரமண்ணாக விற்பதற்காகப் பீட் வெட்டியெடுக்கப்பட்ட நிலங்களை மீட்பதற்கு லாவால் பல்கலைக்கழகத்தின் லீன் ரோஷ்ஃபோர் என்னும் பெண் அறிவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு முறையை வளர்த்தெடுத்தனர். வடிகால்களை அடைத்து நீரைத் திரும்ப நிறுத்துவர். நலமாயுள்ள சதுப்பொன்றின் மேல் அடுக்கிலிருந்து பாசியைச் சேகரிப்பர். ஒரு சதுர மீட்டர் பாசியைக் கொண்டு ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர் பரப்பலாம். அதன்மேல் வைக்கோலைப் போர்த்தி வெயிலிலிருந்து காப்பர். நாற்றங்காலைப் பேணும் உழவருக்கு இது புதுமையான வேலையாகத் தோன்றாது. புவா-தே-பெல் என்னுமிடத்தில் 1999 இல் இவ்வாறு தொடங்கிய பணி, ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அந்நிலத்தை மீண்டும் கரியை உள்வாங்கும் நிலமாக்கியதை அளவீடுகள் காட்டின.

சாலையிட்ட நிலம் இதனினும் கடினமானது. வெட்டிய நிலத்தில் பீட் மேலே தெரிகிறது. சாலையிட்ட நிலத்திலோ அது கல்லுக்கும் களிமண்ணுக்கும் அடியில் புதைந்திருக்கிறது. அல்பர்ட்டாவின் பீஸ் ரிவர் பகுதியில், பயன் முடிந்த எண்ணெய்க் கிணற்று மேடைகளில் இதற்கான முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. கொட்டிய மண்ணை முழுதும் அகற்றினால், நசுங்கிய பீட் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதால் அங்கே குட்டை உண்டாகிறது. எனவே, சில இடங்களில் மண்ணை நீர்மட்டத்தளவு மட்டும் தாழ்த்தி, அதன்மேல் பாசியும் கோரையும் வளர வழி செய்தனர். வேறு சில இடங்களில் அடியிலுள்ள பீட்டை மேலே கொணர்ந்து மண்ணைக் கீழே புதைத்தனர். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மருத்துவம். ஆனால், எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றே: சாலையின் இருபுறத்திலும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்ததா, இல்லையா?

இங்கே நேர்மையான ஓர் எதிர்வாதத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அமிழ்ந்துபோன சாலையைத் தோண்டி எடுப்பதே நிலத்தை மீண்டும் குலைக்கக் கூடும். செங்குத்தான சரிவுகளில் அது மற்றொரு சரிவுக்கும் வழிவகுக்கலாம். இத்தகைய இடங்களில் சாலையை விட்டுவைத்து, வடிகால்களை அடைத்து, நீர் கடக்க ஆங்காங்கே சாலையை அறுத்துவிடுவது அறிவுடைமையாகலாம். ஆனால், அந்த முடிவு நீர்மட்டத்தை அளந்து எடுக்கப்பட வேண்டுமேயன்றிச் செலவுக் கணக்கைப் பார்த்து எடுக்கப்படலாகாது. 'எடுத்தால் தீங்கு' என்னும் உண்மை 'எடுத்தால் செலவு' என்பதற்கு முகமூடியாகிவிடும் ஆபத்து பெரிது.

ஆகவே நான் கேட்பவை மூன்று. ஒன்று, ஆழமான பீட் நிலத்தினூடே புதிய சாலை வேண்டாம். சுற்றிச் செல்லும் வழி நீளமாயினும் அதுவே மலிவு. இரண்டு, தவிர்க்கவே முடியாத இடத்தில், சாலை போடும் வரைபடத்தோடு அதனை எடுக்கும் வரைபடமும் முன்னரே அளிக்கப்பட வேண்டும். எடுப்பதற்கான முழுச் செலவும் முதற்கல் விழும் முன்னரே பிணைத்தொகையாக வைக்கப்பட வேண்டும். நிறுவனங்கள் விற்கப்படும், பெயர் மாறும், கலைக்கப்படும். நிலம் அங்கேயே இருக்கும். கடன்பட்டவன் ஊரைவிட்டுப் போகும் முன் அடகைப் பெற்றுக்கொள்வதே உலக வழக்கு. மூன்று, சீரமைப்பு முடிந்தது என்னும் சான்றைப் பச்சை நிறத்தைப் பார்த்துத் தரலாகாது. பல ஆண்டுகள் தொடர்ந்து நீர்மட்டத்தை அளந்து, பாசி மீண்டு வளர்வதைக் கண்ட பின்னரே தர வேண்டும். களையும் பச்சைதான்.

இவை மிகையான கோரிக்கைகள் என்பர். ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மீட்டர் வளர்ந்த நிலத்தை ஒரு கோடைகாலத்தில் தோண்டியவர்களிடம், பதினைந்து ஆண்டுகள் பொறுப்பேற்கக் கேட்பது மிகையா? டெரிபிரையன் கற்பித்த பாடம் ஒன்றே. முதலில் செலவிட மறுத்த சிறு தொகை, இறுதியில் மக்கள் தலையில் பெருந்தொகையாய் விழுந்தது. அப்போதும் மலைக்கு அதில் பங்கில்லை.

அயல்நாட்டுச் சேற்று நிலத்தைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று வாசகர் எண்ணலாம். நீலகிரியின் பீட் பள்ளத்தாக்குகள் சிறியவை; ஆயினும் மழைநீரைத் தேக்கி வைத்துக் கோடையில் ஓடைகளுக்கு ஊட்டுபவை. அவற்றினூடே நாளை எவரேனும் ஒரு சாலையை வரையும்போது, அகலம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்போர் பலர் இருப்பர். இவ்வழியே எந்தத் தண்ணீர் போகிறது, அதற்கு எந்த வழியை விட்டிருக்கிறீர்கள் என்று கேட்போர் சிலராவது இருக்க வேண்டும். அச்சிலர் இவ்விதழைப் படிப்போரிடையே இருந்து எழட்டும்.